கருப்பு வண்டிக்கு விளக்குப் பிடித்தல்

டாக்டர் உமையாளின் கருப்பு வண்டி
கழனிவாசல் கொட்டகைக்குள்
பின்பக்கமாய் வந்து நின்றது.
ஓட்டி வந்தவர் சேவுகன்.
இறங்கியதும் தோளில் கிடந்த துண்டால்
கதவுப் பிடியை ஒரு தடவு தடவினார்.
பழக்கம்.

வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை தெரியுதாம்,
டாக்டரம்மா சொல்லி அனுப்பினாங்க.
நிழலில் ஒன்றுமில்லை.
நிழலில் எந்தக் கருப்பும் யோக்கியம்தான்.

ஷட்டரை இறக்கி விளக்கைப் போட்டேன்.
ஆயிரம் மயிரிழைக் கீறல்கள்
விளக்கின் பிம்பத்தைச் சுற்றி
வட்டம் வட்டமாய் வந்து உட்கார்ந்தன.
விளக்கை நகர்த்தினேன்.
வட்டமும் நகர்ந்தது.
என்ன தம்பி, கூடவே வருது?

கீறல் வட்டமில்லை அண்ணே.
அது எந்தத் திசைக்கும் கிடக்கும்.
வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பது மட்டும் மினுங்கும்,
மற்றது தன் முறைக்குக் காத்திருக்கும்.

எதில் துடைப்பீங்க?

காலைல அஞ்சு மணிக்குத் தம்பி.
நாலு வருசம், ஒரு நாள் தவறினதில்ல.
தண்ணிகூட ஊத்த மாட்டேன்,
எங்க போர்த்தண்ணி உப்பு, வெள்ளை வெள்ளையாக் காயும்.
வெறுந்துணிதான்.
அழுத்தித் துடைச்சா முகம் தெரியும்.

இந்த ஊர்ச் செம்மண் மாவு இல்லை, மணல்.
துணிக்கடியில் உருளும்,
உருண்ட இடமெல்லாம் எழுதும்.
இதை நான் சொல்லவில்லை.
பிள்ளையார்பட்டியில் பூஜை போட்ட அன்று
பானெட்டில் அப்பிக் காயவிட்ட சந்தனம்
மூன்று விரல் அகலத்துக்கு மங்கிக் கிடப்பதையும்
சொல்லவில்லை.

கருவியை வைத்தேன்.
கதவில் நூற்றுப் பதினெட்டு மைக்ரான்.
பானெட்டில் தொண்ணூற்றிரண்டு.
யாரோ முன்பே மெஷின் போட்டிருக்கிறார்கள்,
விற்கிற அவசரத்தில்.
மீதியிருக்கும் மேல்பூச்சு
தலைமுடியில் பாதிகூடத் தேறாது.

டாக்டர் போனில் வந்தார்.
யார் பண்ணினது இது?
ஸ்பீக்கரில் இருந்தது.
சேவுகன் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
துண்டு தோளிலிருந்து இறங்கி
முதுகுக்குப் பின்னால் போயிருந்தது.

தூசிதான் மேடம், என்றேன்.
அதில் பொய் ஒன்றுமில்லை.

கேன் தண்ணீர் ஐந்து.
ஒரு வாளி சோப்புக்கு, ஒரு வாளி அலச.
களிமண் பாளம் ஓட்டும்போது முதலில் கரகரத்தது,
பிறகு சத்தம் அடங்கியது.
சத்தம் அடங்கிய இடம் சுத்தம்.
விளிம்புகளுக்கு டேப் ஒட்டினேன்,
ஆக மெல்லிய பஞ்சு, ஆகக் குறைந்த வேகம்.
நானும் தேய்க்கத்தானே செய்கிறேன்.
கீறலை எடுப்பது என்றால்
கீறலைச் சுற்றியிருக்கும் நல்லதை
அதன் ஆழத்துக்கு இறக்குவது.

பெட்ரோல் மூடியருகே ஒன்று
நகத்தைத் தடுத்தது.
விட்டுவிட்டேன்.
அதற்கும் கீழே போனால் நிறம்தான்.

மாலை வெயிலில் வண்டியை வெளியே எடுத்தோம்.
பானெட்டில் தகரக்கூரை, மின்கம்பி, ஒரு மைனா,
சேவுகன் முகம்.
கை நீட்டினார், தொடாமல் மடக்கினார்.
பூந்துணி நான்கு கொடுத்தேன்,
கீழே விழுந்ததைத் திரும்பத் தொடாதீங்க,
வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும்,
தினமும் வேண்டாம்.

அப்ப அஞ்சு மணிக்கு
நான் என்ன பண்றது?

என் விலைப்பட்டியலில் அது இல்லை.
பில்லைக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை ஐந்தரைக்குப் போன் அடித்தது.
தம்பி, காக்கா எச்சம். கூரைமேல.
தொடல. நிக்கிறேன்.

துணியை நல்ல தண்ணியில் நனைச்சு
மேலே போட்டு வையுங்க.
ஊறட்டும். தேய்க்காதீங்க.

எவ்வளவு நேரம்?

பத்து நிமிஷம்.

சரி என்றார்.
போனை வைக்கவில்லை.
பாயில் படுத்தபடி நானும் வைக்கவில்லை.
அந்தப் பக்கம் அவர் மூச்சு,
இடையில் ஒருமுறை
பால் வண்டி போனது.